துவர்ப்பை அளக்கும் நீலம்

வாழைப்பூ ஆய்ந்து பழகியவர்களுக்கு இது தெரியும். மடல்களை உரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனை நீக்கி, பொடியாக நறுக்கி முடிப்பதற்குள் விரல் நுனிகள் கறுத்துவிடும். நறுக்கிய பூவை மோர் கலந்த தண்ணீரில் போடத் தவறினால் அதுவும் கறுக்கும். இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். இந்தக் கறைக்குக் காரணமான பொருள்களைத்தான் வேதியியல் பீனால் சேர்மங்கள் என்று அழைக்கிறது. பூவின் திசு அறுபட்டதும் அவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பழுப்பாகின்றன. அந்த வினையை விரைவுபடுத்தும் நொதி பூவிலேயே இருக்கிறது. மோரின் புளிப்பு அதை மந்தப்படுத்துகிறது. இரும்போ பீனால்களுடன் நேரடியாகச் சேர்ந்து கருநீல நிறம் தருகிறது.

நாக்குக்கும் இவற்றைத் தெரியும். அறுசுவையில் துவர்ப்பு என்று நாம் தனியே பெயரிட்டு வைத்திருப்பது பெரும்பாலும் டானின் என்ற பெரிய பீனால் மூலக்கூறுகளின் வேலை. அவை எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால் வாய் வறண்டு இழுத்துப் பிடிக்கிறது. விலங்கின் பச்சைத் தோலைப் பதப்படுத்துவதும் இதே வினைதான். தோலின் புரதத்தை டானின் இறுகப் பற்றிக்கொள்வதால் அது அழுகாமல் நிற்கிறது. அதனால்தான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடுக்காய், தோல் பதனிடும் தொழிலிலும் காலங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. காளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்திய பிறகே, இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலால் கறுப்புக் கோடு வரைகிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துக் கட்டிய வீடுகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன.

கடுக்காயின் சதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின்தான். செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம், கேலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் என்று அதன் பட்டியல் நீளும். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலா. பீனால் அளவையும் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் (ஆன்டிஆக்சிடன்ட்) திறனையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை.

இதைப் பற்றி இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. மூலிகைகள் குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஒரே தடத்தில் போகிறது. இலையையோ பட்டையையோ உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றின் மொத்தப் பீனால் அளவைக் காண்கிறார்கள். பிறகு டிபிபிஎச் என்ற சோதனையில் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை அளக்கிறார்கள். கடைசிப் பத்தியில், இந்த மூலிகை புற்றுநோய், நீரிழிவு, முதுமை ஆகியவற்றை எதிர்கொள்ள உதவக்கூடும் என்று எழுதி முடிக்கிறார்கள். அந்த வரி மருந்து டப்பாவின் மேல் விளம்பரமாக ஏறுகிறது. சோதனைக்கும் அந்தக் கடைசி வரிக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. அந்தச் சோதனைகள் உண்மையில் எதை அளக்கின்றன என்று தெரிந்துகொண்டால், அவற்றை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது விளங்கும். நம்பத்தக்க இடம் ஒன்று நிச்சயமாக இருக்கிறது. அந்த இடத்தில் நம் மூலிகை மருந்துகளுக்கு இந்தச் சோதனைகள் மிகவும் தேவைப்படுகின்றன.

மஞ்சள் கரைசல் நீலமாகும்போது

மொத்தப் பீனால் சோதனையின் கதை மூலிகையில் தொடங்கவில்லை. 1927-இல் ஹார்வர்டில் பணியாற்றிய ஓட்டோ ஃபோலினும் ருமேனியரான வின்டிலா சியோகால்டுவும், புரதத்தில் உள்ள டைரோசின், டிரிப்டோபேன் என்ற இரு அமினோ அமிலங்களை அளப்பதற்காக ஒரு கரைசலை உருவாக்கினார்கள். டைரோசினில் ஒரு பீனால் வளையம் இருக்கிறது. அது பட்டதும் கரைசல் நீலமாகும். 1951-இல் ஆலிவர் லௌரியும் அவருடன் பணியாற்றியவர்களும் இதே கரைசலைக் கொண்டு மொத்தப் புரதத்தை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதுதான். 1965-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் சிங்கிள்டன், ராசி இருவரும் ஒயினில் உள்ள பீனாலை அளக்க ஏற்றபடி அதைத் திருத்தினார்கள். புரதத்துக்காகப் பிறந்து, ஒயினுக்காகத் திருத்தப்பட்ட அந்த முறையில்தான் இன்று நாம் கடுக்காயை அளக்கிறோம்.

கரைசலைத் தயாரிப்பது பொறுமையான வேலை. சோடியம் டங்ஸ்டேட், சோடியம் மாலிப்டேட் உப்புகளைப் பாஸ்பாரிக் அமிலத்துடனும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடனும் சேர்த்துப் பத்து மணி நேரம் கொதிக்க வைத்து, லித்தியம் சல்பேட் கலந்து, சில துளி புரோமின் விட வேண்டும். நல்ல கரைசல் தெளிந்த மஞ்சளாக இருக்கும். பச்சை தட்டியிருந்தால் அது ஏற்கெனவே எதனுடனோ வினைபுரிந்துவிட்டது என்று பொருள். அதை வைத்து எதையும் அளக்கக் கூடாது. இப்போது பெரும்பாலான ஆய்வகங்கள் இதைத் தயாராகவே வாங்கிவிடுகின்றன. ஆனாலும் பாட்டிலைத் திறந்ததும் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் நல்ல ஆய்வாளருக்கு விட்டுப்போகாது.

கடுக்காய்ச் சாற்றை நன்றாக நீர்த்துச் சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து, ஃபோலின் கரைசலைச் சேர்த்து, சில நிமிடம் கழித்து சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்ற வேண்டும். காரத்தன்மையில்தான் பீனால் தன் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். அந்த எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்ட டங்ஸ்டனும் மாலிப்டினமும் நிறம் மாறுகின்றன. மஞ்சள் கலங்கி, பச்சை ஓடி, மெல்ல மெல்ல மயில்கழுத்து நீலம் எழுகிறது. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் இருட்டில் வைத்தபின், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 765 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலத்தின் அழுத்தத்தைப் படிக்க வேண்டும். சாற்றை நீர்க்காமல் விட்டுவிட்டால் குழாய் மைக்கூடு போல இருண்டுவிடும். கருவி காட்டும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. கடுக்காயில் இந்தத் தவறு எளிதாக நேரும்.

அடுத்து அந்த நீலத்தை ஓர் அளவாக மாற்ற வேண்டும். அளவு தெரிந்த கேலிக் அமிலக் கரைசல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நீலம் தருகிறது என்று ஒரு நேர்கோடு வரைந்துகொள்வார்கள். நம் சாற்றின் நீலம் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறதோ அதுதான் விடை. ஆகவே விடை எப்போதும் இவ்வளவு கேலிக் அமிலத்துக்குச் சமம் என்றுதான் வரும். சாற்றில் அத்தனை கேலிக் அமிலம் இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. நூறு வகைப் பீனால்கள் சேர்ந்து தந்த நீலத்தை ஒரே ஒரு பீனாலின் கணக்கில் சொல்கிறோம், அவ்வளவுதான். வேறு ஆய்வகத்தில் டானிக் அமிலத்தையோ கேட்டகினையோ ஒப்பீட்டுக்கு வைத்திருந்தால் அதே சாற்றுக்கு வேறு எண் வரும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் உலர்ந்த சாறு இருக்கும் கரைசலை அளந்து, அதன் நீலம் 120 மைக்ரோகிராம் கேலிக் அமிலத்துக்குச் சமமாக வந்தது என்று வையுங்கள். அப்படியானால் ஒரு கிராம் சாற்றுக்கு 120 மில்லிகிராம். ஆனால் 100 கிராம் பொடியை ஊறவைத்ததில் 30 கிராம் சாறுதான் கிடைத்தது என்றால், ஒரு கிராம் பொடிக்கு 36 மில்லிகிராம்தான். பொடியில் பத்து விழுக்காடு ஈரம் இருந்தால், ஈரம் நீக்கிய எடைக்கு 40. ஒரே பொடி, ஒரே குழாய், ஒரே நீலம். எண் மட்டும் 120, 36, 40 என்று மூன்று. மூன்றும் சரியான எண்கள்தான். எதன் எடைக்கு என்று எழுதாமல் விட்டால் மூன்றும் பயனற்றவை. ஒரு கட்டுரையின் 120-ஐயும் இன்னொரு கட்டுரையின் 36-ஐயும் பக்கத்தில் வைத்து, முதல் ஊர்க் கடுக்காய் மூன்று மடங்கு வீரியமானது என்று எழுதினால் அது பெரும் பிழை.

எலக்ட்ரானை யார் கொடுத்தார்கள்?

அந்த மஞ்சள் கரைசலுக்குப் பீனாலைத் தனியே இனங்காணத் தெரியாது. எலக்ட்ரான் கொடுப்பது எதுவானாலும் வாங்கிக்கொண்டு நீலமாகும். வைட்டமின் சி கொடுக்கும். புரதத்தில் உள்ள டைரோசின் கொடுக்கும். அதற்காகத்தானே கரைசலே உருவானது. அளவு மிகுந்தால் ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகளும் கொடுக்கும். நெல்லிக்காயில் டானினும் வைட்டமின் சி-யும் இரண்டுமே இருக்கின்றன. நெல்லிக்காயின் மொத்தப் பீனால் இவ்வளவு என்று ஓர் எண்ணைப் பார்த்தால், அதில் வைட்டமின் சி-யின் பங்கு கழிக்கப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய இளகத்தை அளக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

இதற்கு வழி இருக்கிறது. ஐரோப்பிய மருந்து நூலான யூரோப்பியன் பார்மகோப்பியா, மூலிகையில் டானினை அளக்கச் சொல்லும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் சாற்றில் மொத்த நீலத்தை அளக்க வேண்டும். பிறகு அதே சாற்றில் விலங்குத் தோல் தூளைப் போட்டுக் குலுக்க வேண்டும். தோல் பதனிடும் தொட்டியில் நடப்பதே அங்கேயும் நடக்கிறது: டானின் தோலோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். வடிகட்டி மீண்டும் அளந்தால், குறைந்துபோன நீலம்தான் டானினின் பங்கு. தோலைப் பதப்படுத்தும் ஆற்றலே டானினின் இலக்கணம் என்பதை அப்படியே ஒரு சோதனையாக்கிவிட்டார்கள். திரிபலாவை அளப்பவர்கள் இந்த ஒரு படியைச் சேர்த்துக்கொண்டாலே எண்ணின் பொருள் பல மடங்கு தெளிவாகும்.

ஊதா நிறம் வெளுக்கும்போது

இரண்டாவது சோதனைக்கு வருவோம். அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாகும்போது எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்திருப்பதே வழக்கம். ஒரே ஒரு எலக்ட்ரான் துணையில்லாமல் நிற்கும் மூலக்கூறைப் பாடநூல்கள் தனி உறுப்பு என்கின்றன. ஃப்ரீ ரேடிக்கல் என்ற பெயரில் அது விளம்பரங்களிலும் வருகிறது. துணை தேடிப் பக்கத்து மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது அதன் இயல்பு. 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க அறிவியலாளர், உடலுக்குள் இவை செய்யும் சேதம் திரண்டு வருவதுதான் முதுமை என்ற கருத்தை முன்வைத்தார். ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் மீதான ஆர்வத்துக்கு அதுவே வித்து.

பெரும்பாலான தனி உறுப்புகள் நொடியின் மிகச் சிறு பங்குகூட நிலைத்திருப்பதில்லை. அப்படிப்பட்டதை வைத்து எளிய சோதனை செய்ய முடியாது. 1922-இல் கோல்ட்ஷ்மிட், ரென் என்ற இருவர் உருவாக்கிய டிபிபிஎச் இதில் விதிவிலக்கு. அதன் தனி எலக்ட்ரான் நைட்ரஜன் அணுவின் மேல், பருத்த வளையங்களின் நடுவே ஒளிந்திருக்கிறது. அதனால் அதைப் புட்டியில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். மெத்தனாலில் கரைத்தால் நாவற்பழச் சாறு போன்ற ஆழ்ந்த ஊதா. 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் நேச்சர் இதழில், ஒரு பொருளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை இந்த ஊதாவைக் கொண்டு அளக்கலாம் என்று காட்டினார். சாற்றைச் சேர்த்ததும் ஊதா வெளுத்து இளமஞ்சளாகும். 517 நானோமீட்டரில், தொடக்கத்தில் 1.00 என்று காட்டிய கருவி அரை மணி நேரத்தில் 0.40 காட்டினால் அறுபது விழுக்காடு தடுப்பு என்று கணக்கு.

ஊதாவைச் சரிபாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதே கட்டுரைகளில் வரும் ஐசி-50 என்ற எண். இந்த எண் குறையக் குறையத் திறன் கூடுதல். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட விளம்பரங்களும் உண்டு. இன்னொரு சிக்கல், இந்த எண் மூலிகையை மட்டும் பொறுத்ததில்லை. குழாயில் டிபிபிஎச்-ஐ இரு மடங்கு வைத்தால் அதைப் பாதியாக்க ஏறத்தாழ இரு மடங்கு சாறு தேவைப்படும். மூலிகை அதேதான், ஐசி-50 மட்டும் கூடிவிடும். நேரமும் விளையாடுகிறது. சிறிய மூலக்கூறான வைட்டமின் சி, ஒளிந்திருக்கும் அந்த எலக்ட்ரானை உடனே எட்டிப் பிடிக்கும். கடுக்காயின் பருத்த டானின்கள் வளையங்களைத் தாண்டி உள்ளே நுழைய நேரம் எடுக்கும். பத்து நிமிடத்தில் படித்தால் ஒரு விடை, ஒரு மணி நேரம் கழித்துப் படித்தால் வேறு விடை. அதே நாளில், அதே கரைசலில், வைட்டமின் சி-யையோ டிரோலாக்ஸ் என்ற ஒப்பீட்டுப் பொருளையோ பக்கத்துக் குழாயில் வைத்து அளந்து, அதற்கு இது எத்தனை பங்கு என்று சொன்னால்தான் ஓர் ஆய்வகத்தின் எண் இன்னோர் ஆய்வகத்துக்குப் பயன்படும்.

ஏபிடிஎஸ், எஃப்ராப், ஓராக் என்று வேறு சோதனைகளும் உண்டு. 1996-இல் பென்சி, ஸ்ட்ரெயின் இருவரும் உருவாக்கிய எஃப்ராப் உண்மையில் இரத்தப் பிளாஸ்மாவை அளக்க வந்தது. மூன்று மின்னேற்றம் கொண்ட இரும்பை இரண்டு மின்னேற்ற இரும்பாக்கும் திறனை அது நீல நிறத்தில் காட்டுகிறது. முன்சொன்ன இரு சோதனைகளின் தத்துவமும் பெரிதும் இதுவே.

அந்த ஒற்றுமையில்தான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மொத்தப் பீனால் கூடக் கூட ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனும் கூடுகிறது, இரண்டுக்கும் வலுவான தொடர்பு காணப்பட்டது என்று கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள். ஃபோலின் சோதனை, சாறு எவ்வளவு எலக்ட்ரான் கொடுக்கிறது என்று அளக்கிறது. டிபிபிஎச் சோதனையும் எஃப்ராப்பும் பெரும்பாலும் அதையேதான் அளக்கின்றன. ஒரே சரக்கை முதலில் தராசிலும் பிறகு மரக்காலிலும் அளந்துவிட்டு, எடை கூடினால் கொள்ளளவும் கூடுகிறது என்று அறிவிப்பது போன்றது இது. மூலிகையைப் பற்றிப் புதிதாக எதுவும் அதில் தெரிவதில்லை.

கபசுரக் குடிநீரில் தெரியாத ஆடாதோடை

2020-இல் தமிழ்நாடு முழுவதும் கபசுரக் குடிநீர் வழங்கப்பட்டது. சுக்கு, திப்பிலி, இலவங்கம் தொடங்கிப் பதினைந்து சரக்குகள் அதில் உண்டு. கடுக்காய்த் தோல், ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு ஆகியவையும் அவற்றில் அடக்கம். இந்தப் பொடியை ஃபோலின் சோதனைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? பீனால் நிறைந்த சரக்குகள் கடுக்காயும் இலவங்கமும். இலவங்கத்தின் மணமே யூஜினால் என்ற பீனால்தான். இந்த இரண்டும் சேர்ந்து நீலத்தின் பெரும்பகுதியைத் தந்துவிடும். ஆடாதோடையின் பெயர்பெற்ற வேதிப்பொருள் வாசிசின். அது ஆல்கலாய்டு வகை. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு டைடெர்பீன் வகை. அதில் பீனால் வளையமே இல்லை. நிலவேம்பில் வேறு சில ஃபிளேவனாய்டு பீனால்கள் இருப்பதால் நீலம் கொஞ்சம் வரும். ஆனால் எந்தப் பொருளுக்காக நிலவேம்பைச் சேர்க்கிறோமோ அதைப் பற்றி அந்த நீலம் ஒன்றும் சொல்லாது.

அதாவது ஆடாதோடையை முழுவதும் விட்டுவிட்டு, கடுக்காயைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு ஒருவர் பொடி இடித்தால், மொத்தப் பீனால் அளவு குறையாது, கூடவும் கூடும். ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனும் கூடும். எண்ணை மட்டும் பார்த்துத் தரம் முடிவு செய்தால், கலப்படம் செய்தவரின் பொடி முதலிடம் பெறும். பதினைந்து சரக்கையும் காப்பாற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றின் சுவடையும் தனித்தனியே காட்டும் எச்பிடிஎல்சி போன்ற முறை வேண்டும். அதில் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலத்தின் மேல் ஏற்றினால், உள்ளே இருக்கும் பொருள்கள் பிரிந்து தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். எந்தச் சரக்கின் பட்டை இல்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். சித்த மருந்துகளுக்கான இந்திய அரசின் மருந்து நூலும் சாம்பல் அளவு, நீரிலும் ஆல்கஹாலிலும் கரையும் பகுதி, இத்தகைய படலப் பிரிப்பு ஆகியவற்றைத்தான் தர அளவுகளாக வைத்திருக்கிறது.

கரைப்பானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் பெரும்பாலும் மெத்தனாலில் ஊறவைக்கிறார்கள். பல பீனால்கள் அதில் நன்றாக இறங்கும் என்பது காரணம். நோயாளியோ எட்டுப் பங்கு தண்ணீர் ஊற்றி ஒரு பங்காக வற்றக் காய்ச்சிய குடிநீரைக் குடிக்கிறார். சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். மெத்தனால் சாற்றின் எண் அவர் குடிக்கும் கோப்பைக்குப் பொருந்தாது. மருந்தை எப்படிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களோ அப்படியே காய்ச்சி அளப்பது கடினமான வேலையில்லை. நம் கல்லூரி ஆய்வுகளில் இதைச் செய்வோர் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

குழாயிலிருந்து குடலுக்கு

டிபிபிஎச் என்ற பொருள் மனித உடலில் எங்கும் இல்லை. அதை வெளுக்க வைக்கும் சாறு, உடலில் உள்ள தனி உறுப்புகளையும் அப்படியே அடக்கும் என்று சொல்ல முதலில் அது இரத்தத்துக்குள் போக வேண்டும். கடுக்காயின் பெரிய டானின்கள் அப்படியே உட்கிரகிக்கப்படுவது மிகக் குறைவு. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றை எல்லாஜிக் அமிலமாக்கி, பிறகு யூரோலித்தின் என்ற சிறிய பொருள்களாக மாற்றுகின்றன. இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் எல்லார் குடலிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலருக்கு யூரோலித்தின் உருவாவதே இல்லை. ஒரே சூரணத்தைச் சாப்பிடும் இருவருடைய இரத்தத்தில் இருவேறு பொருள்கள் ஓடலாம். ஊதாவை வெளுக்கச் செய்த மூலக்கூறு இருவரிடமும் அநேகமாக இருக்காது.

உடலுக்குத் தனி உறுப்புகள் பகை மட்டுமில்லை. இரத்த வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல அவற்றைத்தான் ஏவுகின்றன. எல்லாவற்றையும் அடக்கிவிடுவது நல்லது என்ற எண்ணம் சோதிக்கப்பட்டபோது கிடைத்த பாடம் கசப்பானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே புற்றுநோய் 28 விழுக்காடு கூடுதல். கரோட்டின் பீனால் வகையைச் சேர்ந்ததில்லை என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்ற பெயர் ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது என்பதை இந்த ஆய்வுகள் பெரிய அளவில் காட்டின.

அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளின் ஓராக் மதிப்புகளைப் பட்டியலிட்டு வெளியிட்டிருந்தது. 2012-இல் அதைத் திரும்பப் பெற்றது. சோதனைக் குழாயில் கிடைக்கும் மதிப்புக்கும் மனித உடலில் நிகழும் பயனுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதும், நிறுவனங்கள் அந்த எண்களை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதும் அது சொன்ன காரணங்கள். நம் ஊரில் அதே வகை எண்கள் இன்னும் டப்பாக்களின் மேல் இருக்கின்றன.

இதனால் கடுக்காய்க்கு மருந்துக் குணம் இல்லை என்று ஆகிவிடாது. அதன் குணத்தை நிறுவ நோயாளிகளிடம் முறையாகச் செய்த ஆய்வுதான் வேண்டும்; ஊதா வெளுத்ததைக் காட்டி நிறுவ முடியாது என்பதே நான் சொல்வது. மலச்சிக்கலுக்கோ வாய்ப்புண்ணுக்கோ திரிபலா தரும் பயனை ஆராய்வதற்கு, டிபிபிஎச் எண் தேவைப்படுவதே இல்லை.

இந்த எண்கள் எங்கே உதவும்

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பது சித்த மருத்துவம் அறிந்த எல்லார் வாயிலும் இருக்கும் சொல். சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும். கடுக்காயின் உள்ளே உள்ள கொட்டையை நீக்க வேண்டும். கொட்டை கல் போலக் கனமாக இருக்கும். டானின் நிறைந்திருப்பது மேலே உள்ள சதையில். கொட்டையோடு சேர்த்து அரைத்தால் எடை கூடும், உழைப்பு குறையும், காசு மிச்சம். கண்ணால் பார்த்து அந்தப் பொடியைக் கண்டுபிடிப்பது கடினம். ஃபோலின் சோதனைக்கு அது எளிது. சரியாகக் கொட்டை நீக்கிய பொடியின் அளவு தெரிந்திருந்தால், ஒரு தொகுதி அதைவிடக் கணிசமாகக் குறைந்து வந்தவுடனே சந்தேகப்படலாம். மரபு சொன்ன சுத்திகரிப்பு முறையை ஒரு மலிவான சோதனை காவல் காக்கிறது. இங்கே நாம் உடலுக்குள் நடப்பதைப் பற்றி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இந்த மாதத்துப் பொடி போன மாதத்துப் பொடியைப் போன்றதுதானா என்று மட்டும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு அந்த நீலம் நேர்மையாகப் பதில் சொல்லும்.

கடுக்காய் போன்ற ஒற்றைச் சரக்குக்கு, அதுவும் டானினே முதன்மையான சரக்குக்கு, இது மிகப் பொருந்தும். ஓர் ஊரிலிருந்து வரும் காயையும் இன்னோர் ஊரிலிருந்து வரும் காயையும், பிஞ்சையும் முற்றியதையும், நிழலில் உலர்த்தியதையும் வெயிலில் உலர்த்தியதையும் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் அளந்து ஒப்பிடலாம். ஒரே ஆய்வகம், ஒரே முறை என்பதை விட்டுவிட்டால் ஒப்பீடு குலைந்துவிடும்.

இன்னும் ஒரு பயன் என் மனதுக்கு மிக நெருக்கமானது. சித்த மருத்துவம் ஒவ்வொரு மருந்து வகைக்கும் ஆயுள் வகுத்திருக்கிறது. குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். இளகத்துக்கு ஆறு மாதம். கடைகளில் கிடைக்கும் சூரண டப்பாக்களில் அச்சிடப்பட்ட காலக்கெடு இதைவிடப் பல மடங்கு நீளமானது. இரண்டில் எது சரி என்பது அளந்து பார்க்கக்கூடிய கேள்வி.

ஆனால் அதையும் ஃபோலின் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கடுக்காயின் செபுலினிக் அமிலமும் செபுலாஜிக் அமிலமும் ஈரம் பட்டு நாளடைவில் உடையும்போது கேலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் பிறக்கின்றன. அவையும் பீனால்தான், அவையும் நீலம் தரும். பெரிய மூலக்கூறு சிதைந்துபோன பின்னும் மொத்தப் பீனால் எண் பெரிதாக அசையாமல் நிற்கலாம். மருந்து மாறிவிட்டிருக்கும், எண் மாறியிருக்காது. எச்பிஎல்சி கருவியில் ஒவ்வொரு அமிலத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால், செபுலினிக் அமிலத்தின் கூர்முனை தாழ்ந்து கேலிக் அமிலத்தின் கூர்முனை உயர்வது வரைபடத்தில் தெரியும். மொத்தப் பீனாலும் இந்த வரைபடமும் சேர்ந்தால்தான் சூரணத்தின் வயதைச் சொல்ல முடியும்.

பெரிய பணம் இல்லாமலே ஒரு கல்லூரி இதைச் செய்யலாம். கொட்டை நீக்கிய திரிபலாவைப் புதிதாக இடித்துச் சலித்து, பாதியைக் கண்ணாடிப் புட்டியிலும் மீதியைச் சாதாரணப் பிளாஸ்டிக் பையிலும் அடைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் தொடங்கினால் நல்லது. ஈரக்காற்று தன் வேலையைக் காட்டும். மாதம் ஒருமுறை இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, முதலில் ஈர அளவு, பிறகு மொத்தப் பீனால், தோல் தூள் போட்ட பிறகு மீண்டும் பீனால், கடைசியாக எச்பிஎல்சி. மெத்தனாலில் ஒரு குழாய், கொதித்த தண்ணீரில் ஒரு குழாய். நான்காவது மாதம் பொங்கலைத் தாண்டி வரும். சூரணத்துக்கு மூன்று மாதம் என்று வகுத்தவர்கள் எதைக் கண்டு அப்படி வகுத்தார்கள் என்பதற்கான முதல் தடயம் அந்த வரைபடத்தில் கிடைக்கக்கூடும்.